யார் வேண்டும் என்று கேட்டபோது

சாயங்காலம் ஏழு மணி. ஆகஸ்ட் மாதம். கம்பர்லாந்து ஆற்றை ஒட்டி ஒரு மண்சாலை... மூன்று மைலுக்கு ஒரு வீடு கிடையாது. ஓபேத் இப்படித்தான் கதையை ஆரம்பித்தான்.

"தெரியுமே. அந்த ரோட்டுல ஒரு வெள்ளை உருவம் நிக்கும்," என்றான் கார்வின்.

"உருவமே கிடையாது. சும்மா கேளு," என்றான் ஓபேத்.

புகையிலைக் கொட்டகைக்குள் ஐந்து பேர் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தரையில் விறகுத் தணல். மேலே தொங்கும் புகையிலை பதமாக, விடியும்வரை அது கொழுந்துவிட்டு எரியவும் கூடாது, அணையவும் கூடாது.

"உன் மாமியார் வீட்டுக் கதைதானே?"

"மாமியாரோட தம்பி. லெமுவேல் பாஸ். பொய் சொல்லத் தெரியாத ஆளு. அதனாலதான் கடைசிவரைக்கும் குமாஸ்தாவாவே இருந்தாரு."

யாரோ சிரித்து, புகையில் இருமினார்கள். ஓபேத் இருமல் அடங்கும்வரை காத்திருந்தான்.

அந்தச் சாலை முடிகிற இடத்தில், ஆற்றுத்துறைக்கு மேலே, ஒரு பழைய மாவு மில். தேர்தல் நாளில் அதுதான் வாக்குச்சாவடி. அப்போதெல்லாம் கெண்டக்கியில் ஓட்டுச் சீட்டு கிடையாது. மேஜைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். தன் பெயரைச் சொல்ல வேண்டும். "யார் வேணும்?" என்று குமாஸ்தா கேட்பான். வேண்டியவர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போட்டியிடுகிறவர் பக்கத்திலேயே நாற்காலியில் இருப்பார். தன் பெயர் வந்தால் எழுந்து, தலை தாழ்த்தி, "நான் உங்க ஆளு" என்பார். அதுதான் மரியாதை.

அன்று நாற்காலியில் இருந்தவர் கர்னல் ஜோசையா ஸ்டாம்பர். வக்கீலாக இருந்தவர். உள்நாட்டுப் போர் வந்ததும் இந்தப் பள்ளத்தாக்கில் ஆள் சேர்த்து கேப்டன் ஆனார். ஒரு ஜனவரி மாதம், இதே துறையில், பதினொரு பேரை எதிர்க்கரையில் காவலுக்கு விட்டுவிட்டு, மொத்தப் படையையும் எதிரி கையில் சிக்காமல் மீட்டு வந்தார். அதற்குத்தான் கர்னல் பட்டம். அப்புறம் நீதிபதி. அப்புறம் இரண்டு தடவை சட்டசபை. இப்போது மாநில செனட்டுக்கு நிற்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

எந்த மேடை ஏறினாலும், திரும்பி வராமலே போன அந்தப் பதினொரு பேரைப் பற்றிப் பேசுவார். "நாங்க நிக்கிறோம், நீங்க போங்க கேப்டன்னு அவங்களாத்தான் சொன்னாங்க." கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். லெமுவேல் துடைத்துக்கொள்வதில்லை. பதினொருவரில் ஒருவன் அவனுடைய அண்ணன் நோவா. பத்தொன்பது வயது. அவன் அப்படிச் சொல்லியிருப்பானா... பதினைந்து வருஷமாக இந்தக் கேள்வி தொண்டையில் இருந்தது. கர்னலிடம் கேட்க வாய் வந்ததில்லை.

மற்ற சாவடிகளின் எண்ணிக்கை வந்துவிட்டது. எல்லாம் கூட்டினால் கர்னல் ஆறு ஓட்டு பின்தங்கியிருந்தார். காவலுக்கு வந்த ஷெரீப் வாசல் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆற்றிலிருந்து பனி ஏறி வந்து கதவை மூடியது. ஆகஸ்ட் மாதத்தில்... விரல் மரத்துப்போகிற குளிர். நனைந்த கம்பளி வாடை. சளக், சளக் என்று பூட்ஸ் சத்தம்.

லெமுவேல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். "பேரு?"

"ஏசா டர்லி."

"யார் வேணும்?"

"ஜோசையா ஸ்டாம்பர்."

கர்னல் துள்ளி எழுந்தார். "நான் உங்க ஆளு."

அடுத்தவன். அதற்கடுத்தவன். எல்லோரும் ஒரே பெயர். நாலாவது ஆளுக்குக் கர்னலின் குரல் கம்மியது. ஏழாவது ஆள் மேஜை முன்னால் வந்து நின்றான்.

"நோவா பாஸ்."

பேனா நின்றது. லெமுவேல் தலை நிமிரவில்லை. நிமிர முடியவில்லை. மேஜை விளிம்பில் ஒரு கை மட்டும் தெரிந்தது... நகமெல்லாம் நீலம்.

"யார்... வேணும்?"

"ஜோசையா ஸ்டாம்பர்."

"நான் உங்க ஆளு," என்றார் கர்னல். காற்றுதான் வந்தது.

பதினொன்றாவது ஆள் போனதும் பனி விலகியது. தரை காய்ந்து கிடந்தது. புத்தகத்தில் பதினொரு பெயர், லெமுவேலின் கையெழுத்திலேயே.

"இதோட அஞ்சு ஓட்டுல ஜெயிச்சிட்டீங்க ஐயா," என்றான். "இருக்கட்டுமா?"

கர்னல் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். இந்தத் தடவை விட்டால் அவர் வயசுக்கு இன்னொரு தேர்தல் கிடையாது. இருவருக்கும் அது தெரியும்.

"ஐயா, அவங்களாத்தான் நிக்கிறோம்னு சொன்னாங்களா?"

"இல்லப்பா." தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் பேர் சொல்லிக் கூப்பிடுறேன், கூப்பிட்டதும் வந்துடுங்கன்னு சொல்லிட்டுப் போனேன். கூப்பிட்டா எதிரிக்குக் கேட்டுடும். அதனால... கூப்பிடல."

"விடிய விடிய காத்திருந்திருப்பாங்க."

"ஆமா. சொன்னா கேக்கற பசங்க."

அணில் ஒன்று கூரைமேல் ஓடியது. கர்னல் எழுந்தார்.

"கோடு போட்டு அடிச்சிடு. பதினொன்னையும். எதுக்காக அடிச்சேன்னு கேட்டா, நான் சொன்னதை அப்படியே சொல்லு."

லெமுவேல் அடித்தான். கர்னல் துறைக்கு இறங்கிப் போனார். விளக்கு எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் ஓரத்தில் நின்று, பட்டாளத்துக் குரலில், ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

"ஏசா டர்லி."

எதிர்க்கரையிலிருந்து... "இருக்கேன்."

பதினொரு பெயர். பதினொரு பதில். நோவாவின் பதில் வந்தபோது லெமுவேல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் தவளைச் சத்தம்கூட இல்லை.

"ஜோசையா..."

எதிர்க்கரையிலிருந்துதான் அந்தக் குரல். கர்னல் என்று இல்லை, ஐயா என்றும் இல்லை. வெறும் ஜோசையா. அப்படி அவரைக் கூப்பிட உலகத்தில் ஒருத்தர்கூட மிச்சமில்லை.

"இருக்கேன்," என்றார் கர்னல். தண்ணீர் கலகலத்தது. அவ்வளவுதான். குதிரை விடியும்வரை கட்டினபடியே நின்றது. ஆறு மைல் வலை போட்டுத் தேடியும் உடல் கிடைக்கவில்லை.

ஓபேத் தணலைக் குச்சியால் கிளறினான்.

லெமுவேல் சாகிற வருஷம்தான் மிச்சத்தைச் சொன்னார். ஜோசையாவைக் கூப்பிட்ட அந்தக் குரலில் கோபமே இல்லையாம். ராத்திரிச் சாப்பாடு ஆறுது, உள்ளே வா என்று கூப்பிடுகிற மாதிரி இருந்ததாம். ஷெரீப் பின்னாலிருந்து தன் சட்டையைப் பிடித்து இழுத்தபோதுதான் லெமுவேலுக்குச் சுயநினைவு வந்ததாம்... தண்ணீர் அவர் நெஞ்சளவுக்கு இருந்தது.