சூடு போரா

கொச்சியில் இருந்துகொண்டு வெந்நீரா என்று எங்கள் சங்கரன்கோவில் பக்கம் சிரிப்பார்கள். இங்கே கர்க்கடகம் என்கிற ஆடி மாத மழை விடாமல் அடித்தால் தெரியும் சார், எலும்புக்குள்ளேயே ஈரம் இறங்கிவிடும். மட்டாஞ்சேரி ராமபத்ரன் சேட்டனுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆகியிருந்தது. எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கச் சொல்லியிருந்தார் வைத்தியர். அவர் வீட்டு மொட்டைமாடியில் ஹீட்டர் மாட்டியது நான்தான்.

தப்பு என்னுடையது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹீட்டருக்குத் தண்ணீர் கொடுக்கிற தொட்டியைத் தாழ்வாக வைத்துவிட்டேன். தொட்டி தாழ்ந்தால் தண்ணீருக்கு வேகம் இருக்காது. குழாயில் காற்று ஏறி அடைத்துக்கொள்ளும். ஷவர் இருமும், சொட்டும், நின்றுபோகும்.

அதற்காக அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எர்ணாகுளத்தில் பகலெல்லாம் சாரத்தில் நின்றுவிட்டு வந்து சட்டையைக் கழற்றினால் போன் அடிக்கும்.

“எடா பாண்டீ, இது ஷவராணோ, என்றெ மூத்ரமாணோ?”

“காத்து அடைச்சிருக்கு சேட்டா. வந்து எடுத்து விடுறேன்.”

“வெள்ளமும் போரா, சூடும் போரா. பாண்டிகளெல்லாம் இதுலதான் குளிக்குமோ?”

வெள்ளம் என்றால் தண்ணீர், போரா என்றால் பத்தாது. அவர் வாயிலிருந்து அதற்கு மாறான சொல்லை நான் கேட்டதே இல்லை.

பாண்டி என்பது இங்கே தமிழனை இளக்காரமாகச் சொல்வது. எனக்கு அதில் கோபமில்லை. என் பேர் பாண்டித்துரை. பாதியைத்தானே சொல்கிறார். எழுத்துக்கூட்டிப் படிக்கவே நான் தலை நரைத்த பிறகுதான் போனேன். முதியோர் வகுப்பில் ரஃபீனா டீச்சர் முதலில் எழுதவைத்தது என் பேரைத்தான். ஒரு எழுத்து விட்டுப்போனாலும் மறுபடி எழுதச் சொல்வார். எழுதி முடித்ததும் முழுப்பேரையும் சத்தமாகப் படிப்பார். அவ்வளவுதான். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு திரிகிற ஆள் இல்லை நான்.

அன்றைக்குக் காலையில் தொட்டியை உயரமான இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினேன். காற்று போகிற பைப்பையும் கூடவே உயர்த்தினேன். சூடு ஏறியதும் தானாக அணைக்கிற தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு வயரை நேராகக் கொடுத்தேன். சூடு போரா என்றாரே. ஹீட்டர் அப்போதிருந்து ஓடிக்கொண்டேயிருந்தது.

சேட்டனின் மருமகள் இடப்பள்ளிக்குப் போயிருந்தார். நானே சேட்டனுக்கு எண்ணெய் தேய்த்து ஷவருக்கு அடியில் ஸ்டூலில் உட்காரவைத்தேன். அவர் பிடித்து நடக்கிற வாக்கர் நனைய வேண்டாம் என்று வெளியே வைத்தேன். ஷவரைத் திறந்து மூடுகிற திருகு வழுக்கியது, வாஷர் மாற்றவேண்டும். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

“மேலேருந்து வால்வைத் திறக்கிறேன் சேட்டா. போதும்னா குரல் கொடுங்க.”

“இன்னைக்காவது ஒழுங்கா வருமோடா, பாண்டீ?”

“இன்னைக்கு வரும் சேட்டா.”

மாடிக்குப் போய் பச்சைத்தண்ணீர் வால்வை மூடினேன். வெந்நீர் வால்வை முழுக்கத் திறந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. எனக்கு அசதியாக இருந்தது. தண்ணீர் இரைச்சலோடு இறங்கியது. குழாயில் இருமல் இல்லை, அடைப்பு இல்லை. வேலை சுத்தம்.

கீழேயிருந்து “மதி” என்றார். பிறகு, “மதி, பாண்டீ. மதி.”

மலையாளம் புரியாமல்தான் அவர் சாகிறவரைக்கும் விட்டுவிட்டாயா என்று கேட்டீர்கள். அப்படி எழுதினால் எனக்கு நல்லது என்றும் சொன்னீர்கள். உங்கள் நல்ல மனசு. ஆனால் இல்லை வக்கீல் சார். தமிழில் மதி என்றால் நிலா, இங்கே மதி என்றால் போதும். சைபுதீன் இக்கா சாயாக்கடையில் தினமும் “சீனி மதி” என்று நானே சொல்கிறேன்.

கை வால்வில்தான் இருந்தது. மூடத்தான் இருந்தேன். மீதிப் பேரையும் சொல்லிவிடட்டும் என்று கொஞ்சம் நின்றேன்.