ரசீது கேட்காதவள்

இந்த அறையில் மின்விசிறி சத்தமே போடாமல் சுற்றுகிறது, என் அறைக்கும் இப்படி ஒன்று கேட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னியுங்கள், வக்கீல் சார். நீங்கள் கேட்டது காதில் விழுந்தது.

பல்கலைக்கழகத்தின் மாணவர் புகார்ப் பிரிவு என்பது நான் ஒருத்திதான். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. இரண்டாவதில் பெரும்பாலும் என் கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். கட்டுரையை மாணவர் எழுதினாரா, கணினி எழுதிக்கொடுத்ததா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள் வந்த பிறகுதான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அழுதார்கள், சண்டை போட்டார்கள். அவள் மட்டும் சிரித்தாள்.

“இந்த அடித்தல் திருத்தலைப் பாருங்க மேடம். மெஷின் எழுதினா இவ்ளோ திண்டாடுமா?”

கட்டுரைக்கு முன் அவள் கையால் எழுதிப் பார்த்த தாள்கள் அவை. கோழி கிளறியது போன்ற கையெழுத்து. விசாரணைக் குழுவுக்கு அனுப்பினேன். ஒரே வாரத்தில் குற்றமில்லை என்று முடிவானது. அந்த வாரத்தில் ஐந்து முறை வந்தாள். மூன்றாவது முறை மேடம் போய் அக்கா வந்தது.

“சாப்டீங்களா அக்கா? முகமே வாடிக் கிடக்கு.”

என்னை அப்படி யாராவது கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன்.

பிறகு அவள் வரவில்லை. வர வேண்டிய அவசியமில்லையே. நடைவழியில் பார்த்தால் தோழிகளுக்கு நடுவிலிருந்து கையசைப்பாள். இரண்டு மாதம் பொறுத்தேன். அவளுடைய அடுத்த கட்டுரையில் மென்பொருள் ஒரு குறையும் காணவில்லை. சந்தேகம் என்று நான்தான் பதிந்தேன்.

மறுநாளே தாள்களோடு ஓடி வந்தாள். “மறுபடியும் என் தலைதானா அக்கா? அந்த மெஷினுக்கு என் மேல ஏதோ பகை.”

“நான் பாத்துக்கறேன். நீ உட்காரு” என்றேன்.

எங்கள் விதி உங்களுக்குத் தெரியும். குழு மாணவரைக் கூப்பிடாது, தாள்களைத்தான் பார்க்கும். அவை பதினான்கு நாளுக்குள் போய்ச்சேர வேண்டும். கொடுத்ததற்கு ரசீது, மாணவர் கேட்டால் மட்டும். அக்காவிடம் யார் ரசீது கேட்பார்கள்?

அனுப்பினால் ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். “அனுப்பியாச்சுல்ல அக்கா?” என்று கேட்டாள். ஆச்சு என்றேன். முடிவு தெரிந்துகொள்ள தினமும் வந்தாள். நாள் போகப்போகச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் அதிக நேரம் உட்கார்ந்திருந்தாள். பதினான்காம் நாள் அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். அன்றைக்கு அவள் சாயங்காலம்வரை என் எதிர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஆதாரம் வரவில்லை என்று எழுதி, குழு மாணவர் பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்கியது. அடுத்த நாள் காலை விடுதி அறையில் அவள் உயிரோடு இல்லை. வழக்குப் போட்டிருக்கும் அவளுடைய அண்ணனைப் பார்த்தேன். அவளுக்கும் அதே நெற்றி.

பல்கலைக்கழகத்தின் சார்பில் நீங்கள் நீட்டிய தாளைப் படித்தேன். தாள்களை அனுப்பாதது பணிச்சுமையால் நேர்ந்த கவனக்குறைவு என்று இருக்கிறது. “ஒரு கையெழுத்துதாம்மா. உங்களுக்கும் நல்லது, நிர்வாகத்துக்கும் நல்லது” என்கிறீர்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள்.

பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள் சார். நான் போட மாட்டேன். அவள் விஷயத்தில் நான் ஒருநாளும் கவனக்குறைவாக இருந்ததில்லை.