வெல்லத்திலிருந்து போகும் கோடு

நாற்காலி போட்டதற்கு நன்றி, ஐயா. எனக்கு இடுப்பு வலி உண்டு. தொண்ணூற்றேழில் மலைக்கு வந்தவன். ஆறு வருஷம் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் யாருக்குத்தான் வராது.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் நான் செய்தது ஒரு படம். குச்சிக்கிழங்குத் தோல், அதாவது மரவள்ளித் தோல், ஊறும் தொட்டியில் ஒரு பாக்டீரியா வாழ்கிறது. அது எதைத் தின்கிறது, எதைக் கழிக்கிறது, எந்த மரபணு எப்போது வேலை செய்கிறது, எல்லாம் அந்தப் படத்தில் கோடு கோடாக இருக்கும். ஒரு மரபணுவின் மேல் மவுஸை வைத்து அழுத்தினால் அதைச் சேர்ந்த கோடுகள் மட்டும் சிவக்கும். கோட்டின் நுனியில் அம்பு இருந்தால் தூண்டுகிறது என்று பொருள். குறுக்கே சின்னக் கட்டை இருந்தால் நிறுத்துகிறது. அவ்வளவுதான், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும்.

தோலுக்குள் அடைந்து கிடக்கும் விஷத்தை வெளியே விடவைப்பது ஒரே ஒரு மரபணு. அப்படி விஷம் கிளம்பிய தோலைத் தின்றால் ஆடு செத்துப்போகும். வெல்லத் தண்ணீர் ஊற்றினால் அது நின்றுவிடும் என்று நான் கட்டை போட்டிருந்தேன். அதை நம்பி, வெல்லம் ஊற்றி ஊறவைத்த தோலை மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டு ஊர்களின் ஆடுகளுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை படம் இன்டர்நெட்டில் ஏறும், என் பெயரோடு.

யமுனா என் உதவியாளர். மலைக்காரப் பெண், சென்றாயன் மகள். கெட்டிக்காரி, அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. வியாழக்கிழமை மத்தியானம் கிழங்குக் கொட்டகைக்கு வந்து நின்றாள்.

"ஏனுங்க சார், மூணு தடவ பாத்துட்டனுங்க. வெல்லம் ஊத்துனா அது நிக்கலீங்க, இன்னும் அதிகமாத்தான் விடுது. அந்தக் கோடு தப்புங்க."

"டியூப்பை மாத்தி வெச்சிருப்ப, கண்ணு," என்றேன்.

"இல்லீங்க. எங்க ஊட்டு ஆடும் அதைத்தானுங்க திங்கும். நீங்க மாத்தலைன்னா நாளைக்கு டைரக்டர்கிட்ட சொல்லிப்போடுவனுங்க."

மரியாதையாகத்தான் பேசினாள். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திமிராகப் பேசியிருந்தால் நாலு திட்டு திட்டி அனுப்பியிருப்பேன். கிழங்கு தோண்டும் கடப்பாரை சுவரோரம் சாய்ந்திருந்தது. முதல் அடி காதுக்கு மேல். அவள் விழவில்லை, "சார்" என்றாள். இரண்டாவதில் முட்டி போட்டாள். தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டதால் விரல்களும் நொறுங்கின. அதை நான் உத்தேசிக்கவில்லை. மண்டை பிளந்த பிறகும் ஒரு கால் உதறிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை அடித்தேன். எதையும் பாதியில் விடுவது என் குணம் இல்லை. பிறகு தோல் குவியலை அவள்மேல் இழுத்துவிட்டு, கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் சென்றாயன் தேடி வந்தார். "புள்ள இன்னும் ஊட்டுக்கு வரலீங்க, சாமி," என்றார். அப்போதே கிளம்பிவிட்டாள் என்றேன். பாவம், நடந்து வந்த மனுஷன். டீ கொடுத்து, படத்தின் முன்னால் உட்காரவைத்து, அவர் கையைப் பிடித்து மவுஸின்மேல் வைத்தேன். கோடுகள் சிவந்தன.

"எம் புள்ள செஞ்சதுங்களா?"

"நான் செஞ்சது," என்றேன்.

அவர் போனதும் கட்டையை அழித்துவிட்டு அம்பு போட்டேன். யமுனா சொன்னது சரி. செவ்வாய்க்கிழமையே நானும் சோதித்துப் பார்த்திருந்தேன். எனக்கும் அதேதான் வந்தது. பிழையைக் கண்டுபிடித்தவர் யார் என்று கம்ப்யூட்டர் கேட்டது. என் பெயரைப் போட்டேன்.

அவளைக் கொன்றது நான்தான், ஐயா, தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெண்ணின் உழைப்பைத் திருடினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படியொரு பழியை என்னால் தாங்க முடியாது.