ஸ்டேசனுக்குள்ள குடித்தனம்

எட்டிப் பாக்குறீங்களே மேடம், அதாங்க டிக்கெட் கவுண்டரு. நான் அதுலதான் மொளகாப்பொடி டப்பா வெச்சிருந்தேன். நெசமாத்தாங்க. கல்யாணமாயி வந்து குடித்தனம் பண்ணதே இந்த ஸ்டேசன்லதான். எம் பொண்ணு கலைமதி நடக்கப் பழகுனது வெய்ட்டிங் ரூம்ல.

ரயிலா? ஏதுங்க ரயிலு. மொரப்பூர்லேருந்து தர்மபுரிக்குச் சின்ன ரயிலு ஓடுச்சாம். சண்டைக்கு இரும்பு வேணும்னு வெள்ளக்காரன் தண்டவாளத்தப் பேத்துட்டுப் போயிட்டான். எங்க வூட்டுக்காரரோட தாத்தா இங்க கொடி காட்டுற வேலைல இருந்தாரு. ரயிலு நின்னுபோச்சுன்னு அவருகிட்ட யாரும் சொல்லலியோ என்னவோ, பொண்டாட்டி புள்ளைங்களோட இங்கியே தங்கிட்டாரு.

வூட்டுக்காரரு பேரா? பெரியண்ணன். சொன்னா என்ன, அவரு ஆயுசு ஒண்ணும் கொறஞ்சுடாது. மழ வந்தா குண்டான் அத்தனையும் தரையிலதாங்க. கக்கூசு கெடையாது. வேற வூடு பாக்கலாம்னு சொல்லாத நாளில்ல. பிரிட்டிஷ்காரன் கட்டுனதுடி, ஒண்ணும் ஆவாதும்பாரு, என்னமோ இவரு மாமனாரே கட்டுன மாதிரி.

கலைமதி காலேசு போவ ஆரம்பிச்ச வருசம், ஒரு நாளு மத்தியானம் படுத்திருந்தா. தண்ணி குடிக்க எந்திரிச்சு அந்தப் பக்கம் போனதுதான், உத்தரம் ஓட்டோட பேந்து அவ பாய் மேலயே வுழுந்துச்சு. செம்பக் கையில புடிச்சிக்கிட்டு அப்பிடியே நிக்கிறா. இவரு வந்து அண்ணாந்து பாத்துட்டு, ஒரு தகரம் போட்டா சரியாப்போவும்னாரு. நான் வெளக்கமாத்த எடுத்து ஓட்டுச் சில்லக் கூட்டுனேங்க.

அந்த மாசமே பழைய கட்டடத்தச் சீர் பண்றவங்க வந்து எறங்கி, எடத்தக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பிரியதர்ஷினின்னு ஒரு இஞ்சினியர் பொண்ணு. இவரு வாசப்படியில குறுக்கப் படுத்துக்கிட்டு, என்னைய மாரடிச்சு அழச் சொன்னாரு. அழுதேன். நல்லாவே அழுதேன், அந்தப் பொண்ணு பயந்துபோயி தண்ணி பாட்டல நீட்டுச்சு. அப்பறம் அங்க இங்க பேசி, மொரப்பூர் ரோட்டுல எங்களுக்கு வூடு வாங்கிக் குடுத்துச்சு. கொழாயத் தொறந்தா தண்ணி வருதுங்க.

இந்தச் செவுத்துக்கு நடந்த மரியாதைய நீங்க பாக்கலியே. சுண்ணாம்பு, கடுக்கா, வெல்லம்னு அரச்சு அரச்சுப் பூசுனாங்க. நான் புள்ள பெத்தப்பகூட எனக்கு யாரும் இப்பிடி அரச்சுக் குடுக்கல.

இவரா? இப்ப இங்கதான் வாட்ச்மேனு. காக்கிச் சட்ட, வெல்கம் சாருன்னு இங்கிலீசு வேற. எங்க குடும்பந்தான் இத்தினி வருசமா இதக் காப்பாத்துச்சுன்னு வர்றவங்ககிட்டயெல்லாம் அளப்பாரு. ஆனா எவனோ உத்தரம் வுழுந்தத போட்டோ புடிச்சு, சீர் பண்றவங்களுக்கு அனுப்பி நம்மளக் கெளப்பிவுட்டான்னு இன்னும் ஆறல. பங்காளி சந்திரமோகன் மேல சந்தேகம். பேச்சே இல்ல. பாவம், அந்த மனுசங்கிட்ட இருக்கறது பட்டன் போனு.

யாரா? நாந்தாங்க. உத்தரம் வுழுந்த மறுநாளு, கலைமதி போன்ல.

அந்தா வர்றாரு பாருங்க. ஒரு வணக்கம் வெச்சிருங்க, சந்தோசப்படுவாரு.