செல்லாத அக்ரிமென்ட்

ஹைதராபாத்தில், ஹைடெக் சிட்டியிலிருந்து உப்பல் போகும் பஸ்ஸில், முன்சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள். ஒருத்தி ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியின் சட்ட அதிகாரி என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“வேலையை விட்டா ஒரு வருஷம் போட்டிக் கம்பெனில சேரக்கூடாதுன்னு அக்ரிமென்ட் எழுதினதே நான்தான். இப்ப அங்க சேரப்போறதும் நான்தான்.”

“கேஸ் போட மாட்டாங்களா?”

“போட்டா நிக்காதுடி. கோர்ட்ல அது செல்லாது.”

“அப்புறம் ஏன் எழுதின?”

“செல்லாதுன்னு எம்.டி.கிட்ட அன்னிக்கே சொன்னேன். ‘அது ஸ்டாஃபுக்குத் தெரியாதில்ல’ன்னார். எல்லாரும் பயந்துட்டு அங்கயே உக்காந்திருக்காங்க.”

“நேத்து ராஜினாமா குடுத்தியே, என்ன சொன்னார்?”

“அக்ரிமென்ட் ஞாபகமிருக்கான்னார். செல்லாது சார்னேன். ‘மெதுவாச் சொல்லுங்க’ன்னார். பக்கத்துலயே எச்.ஆர். மேனேஜர் உக்காந்திருந்தார்.”

“அவர் என்ன சொன்னார்?”

“சாயந்திரம் அவரும் ராஜினாமா குடுத்துட்டார்.”