முதல் டம்ளர்

கரியாலூரிலிருந்து கள்ளக்குறிச்சி வந்த பஸ்ஸில், கண் தெரியாத ஒருவரைக் கையைப் பிடித்து ஏற்றி, எனக்கு முன் சீட்டில் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தாள் ஒரு பெண். எதிர்ச் சீட்டில் ஒரு கடைக்காரர் கண்டக்டரிடம் பேசிக்கொண்டு வந்தார்.

"சாராயத்துக்கும் லைசென்ஸ் குடுத்துடணும்பா. பானைக்குப் பானை டெஸ்ட் பண்ணி, சீல் வச்சி வித்தா யாருக்கு இன்னா ஆவப் போவுது?"

"எங்க வூட்லயும் டெஸ்ட் பண்ணித்தாங்க வித்தோம்" என்றாள் அந்தப் பெண்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

"இன்னா டெஸ்ட்டும்மா?"

"மொத டம்ளர எங்க வூட்டுக்காரரு குடிச்சிக் காட்டுவாரு. அப்புறந்தான் மத்தவங்களுக்கு ஊத்துவோம்."

"அப்போ அவருக்குத்தான் லைசென்ஸ் குடுக்கணும்!" என்றார் கண்டக்டர்.

"ஒரு பொரட்டாசி சனிக்கிழமை, விரதம்னு அவரு தொடல. வந்தவங்கள திருப்பி அனுப்ப மனசில்லாம நான் அப்படியே ஊத்திட்டேன். அதுலதான் இந்த அண்ணனுக்குக் கண்ணு போச்சு. ஆஸ்பத்திரிக்கு நான்தான் இட்டுக்கினு போறேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடைக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கண் தெரியாதவர் மெதுவாகச் சொன்னார்: "வுடும்மா, பஸ்ஸுக்கெல்லாம் சொல்லிக்கினு. விரதத்தன்னிக்குக் குடிக்க வந்தவன் நான்தானே."