ஆறு ஓடும்போது தோண்டிய ஊற்று

மணலில் குப்புறக் கிடக்கிறேன். எனக்கு அடியில் என் மனைவி செண்பகம். தலைக்கு மேலே ஜப்பான் விமானம். டட்டட்டட். ஒரு மூச்சு நேரம் அமைதி. மறுபடியும் டட்டட்டட். பக்கத்தில் மணல் முழங்கால் உயரத்துக்குத் தெறிக்கிறது. யாரோ அலறுகிறார்கள். அலறல் பாதியில் நிற்கிறது.

"தலையத் தூக்காதிய. திரும்பி வாரான்."

பேச்சியின் குரல். இருபது அடி தள்ளி, தான் தோண்டிய ஊற்றுக்குழிக்குள்ளிருந்து கத்துகிறாள்.

1942, மாசி மாதம். பர்மா, ஐராவதி ஆற்று மணல். ரங்கூனை விட்டு நடக்கத் தொடங்கிப் பதினோராவது நாள் காலை.

நாங்கள் நாற்பத்தொரு பேர் கிளம்பினோம். எல்லாரும் சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர்களும் குடும்பங்களும். மில் மேல் குண்டு விழுந்தது. முதலாளி கப்பலேறிப் போய்விட்டார். எங்களுக்குக் கால்தான் கப்பல். பேச்சிக்கு இளையரசனேந்தல், மழையை நம்பிய கரிசல் ஊர். புருஷன் துறைமுகத்தில் குண்டு பட்டுச் செத்தான். தனி ஆளாக எங்களோடு நடந்தாள்.

எனக்குக் கரிவலம்வந்தநல்லூர். வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவன். வானம் பார்த்த பூமிக்காரர்களை எப்போதுமே கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பேன். அந்தத் திமிரைப் பர்மாவுக்கும் கொண்டுபோயிருந்தேன்.

ஆறாவது நாளிலிருந்து காலரா. வழியெல்லாம் பிணம். ஆற்றிலும் பிணம். எட்டாவது நாள் பேச்சி கரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து, தேங்காய்ச் சிரட்டையால் மணலைத் தோண்டினாள். நான் சிரித்தேன்.

"ஏ பேச்சி, கண்ணுக்கு முன்னால ஆறு ஓடுது. இங்கன இருந்து மண்ணத் தோண்டுதியே?"

"பொணம் மெதக்குத தண்ணி அண்ணாச்சி. மணலு அரிச்சுத் தரும். செத்த பொறுங்க."

முழங்கை ஆழத்தில் நீர் கசிந்தது. கலங்கலை மூன்று முறை இறைத்துக் கொட்டினாள். நான்காவது முறை ஊறியது தெளிந்திருந்தது. சிரட்டை சிரட்டையாக ஊறும் தண்ணீருக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. இடுப்பளவு ஆற்றில் இறங்கி, ஓட்டத்தில் செம்பை முக்கினேன். ஓடுகிற நீர் சுத்தம் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. தம்பி முருகையாவுக்குக் கொடுத்தேன். நான் குடித்தது போக மிச்சத்தைச் செண்பகத்திடம் நீட்டினேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேச்சியிடம் போனாள். எனக்குக் கோபம் வந்தது. இன்று அதை நினைத்தால் அவளைக் கும்பிடத் தோன்றுகிறது.

மறுநாள் உச்சிவெயிலில் முருகையாவுக்கு வாந்தி. பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. அந்த மணலில் நான் முதன்முதலில் தோண்டிய குழி அவனுக்காகத்தான்.

பத்தாவது நாள் பேச்சி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் ஒரு சிரட்டையை என் பக்கம் தள்ளினாள். தோண்டினேன். எங்களைப் பார்த்து நாலைந்து பேர் வந்தார்கள். மணல் சரியாமலிருக்கப் பெண்கள் நாணலை முறுக்கி வளையமாக வைத்தார்கள். மில் தச்சர், பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று கம்பில் கிழிந்த துணியைக் கட்டி நட்டார். எங்கள் பாஷை தெரியாத தெலுங்குக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களும் உட்கார்ந்து தோண்டினார்கள். இருட்டுவதற்குள் கரை நெடுக, ஆள் இறங்கும் அளவுக்கு ஊற்றுகள். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை.

அந்த ஊற்றுகளில்தான் இப்போது ஆட்கள் பதுங்கிக் கிடக்கிறார்கள். விமானம் நான்காவது முறை திரும்புகிறது. வெட்டவெளியில் ஒரு தெலுங்குப் பெண், இடுப்பில் பானையோடு உறைந்துபோய் நிற்கிறாள்.

"ஏட்டி, படுட்டீ!"

பேச்சி குழியை விட்டு எழுந்து ஓடுகிறாள். அவளை இழுத்து வந்து குழிக்குள் தள்ளுகிறாள். தானும் குதிப்பதற்குள் டட்டட்டட். முதுகில் மூன்று. குழியின் விளிம்பில் விழுந்தாள். ஊற்று சிவந்தது.

விமானம் போய்விட்டது. ஓடிவிடலாம் என்றேன். செண்பகம் பேச்சியின் சிரட்டையை எடுத்தாள். பத்தடி தள்ளி உட்கார்ந்து தோண்டினாள். குண்டு பட்டுக் கிடந்தவர்கள் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு ஆற்றோரம் தங்கிய இடமெல்லாம் முதலில் போய்ச் சேர்கிறவர் தோண்டினார். கிளம்பும்போது துணி கட்டிய கம்பை நட்டோம். மலை தாண்டி, சிட்டகாங் முகாமில் எங்களுக்குப் பின்னால் வந்த ஒருவர் சொன்னார். "துணி கட்டுன கம்பப் பாத்துப் பாத்து வந்தோம். நாங்களும் தோண்டிட்டு வந்தோம்." யார் நட்ட கம்பு என்று அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன்.

வைகாசியில் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்கினோம். பேச்சியின் அண்ணன் ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தண்ணி நல்லா ஊறுச்சா அண்ணாச்சி?"

ஊறியது என்றேன். அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

கிளம்பியது நாற்பத்தொரு பேர். ஆற்றுத் தண்ணீர் குடித்துக் காலராவில் ஒன்பது. எல்லாரும் தோண்டத் தொடங்கிய பிறகு காலராவில் ஒன்று. மலைக் காய்ச்சலில் நான்கு. விமானம் சுட்டதில் ஐந்து, பேச்சியையும் சேர்த்து. வந்து சேர்ந்தது இருபத்திரண்டு.

அந்த ஒன்பதில் ஒருவன் என் தம்பி. ஆறு கொன்றது என்று ஊரில் சொல்கிறார்கள். செம்பு என் கையில் இருந்தது.